நோன்பு நாளில் ஒரு நாடகம்

தம் உடலையே கலையாக்கி மக்கள்முன் நிற்கும் கலைஞர்கள் ஐரோப்பாவில் உண்டு. 1974-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மரீனா அப்ரமோவிச் என்னும் பெண்மணி, மேசைமீது 72 பொருள்களைப் பரப்பி, அவற்றைத் தம்மீது எவரும் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என அறிவித்து, ஆறு மணி நேரம் எதிர்ப்பின்றி நின்றார். அவர் ஆடையை வெட்டியவர்களும் உண்டு. அங்கே வெளிப்பட்டது அவருடைய உடலன்று. சுற்றி நின்றவர்களின் உள்ளம்.

அத்தகைய சோதனை நம் கோவையிலும் நடந்தது. நடத்தியவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டவரல்லர். மலிவான நாப்கின் செய்ய முனைந்த அருணாசலம் முருகானந்தம், சோதித்துச் சொல்லப் பெண்கள் கூசியதால், காற்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தம் நிரப்பித் தம் உடலில் கட்டிக்கொண்டு நடந்தார், மிதிவண்டி ஓட்டினார். ஊர் பழித்தது. மனைவியும் தாயும்கூடப் பிரிந்து சென்றனர். 2016-இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது நாடே கைதட்டிற்று.

கைதட்டியதோடு சரி! 2025 ஏப்ரலில் அதே கோவை மாவட்டத்தில், பூப்பெய்திய எட்டாம் வகுப்புச் சிறுமி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதினாள்.

“நம்மிடம் தீட்டு இல்லையே” என்று நாம் நிமிர்ந்து அமரலாம். மார்க்கத்தில் இல்லைதான். மாதவிடாய் நாளில் அன்னை ஆயிஷா (ரலி) பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துப் பருகினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). ஆனால், நம் வீடுகளில்? உக்கடமாயினும் ஈரோடாயினும், ரமலானில் நம் வீடுகள் பலவற்றில் ஒரு நாடகம் நடக்கிறது. அந்நாள்களில் நோன்பு வைக்கலாகாது என்று மார்க்கமே விலக்கிய பெண், ஸஹருக்கு எழுந்து நோன்பாளிபோல் உண்கிறாள். பகலில் அத்தாவும் அண்ணனும் காணாதபடி அடுப்படிக் கதவின் பின்னே நின்று தண்ணீர் குடிக்கிறாள். இறைவன் தந்த சலுகையைத் திருட்டாக்கியவர் யார்? நாமல்லவா?

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பர். மறுக்கவில்லை. ஆயினும், மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாக இராத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா அவர்களே புகழ்ந்துள்ளார்கள். வெட்கம் வேறு, பொய் வேறு. பெண்ணுக்குப் பொய்யைக் கற்பித்துவிட்டு, அதற்கு நாணம் என்று பெயர் சூட்டுவது அறமாகாது.

முருகானந்தத்தைப்போல் நாம் ஆட்டு இரத்தம் சுமக்க வேண்டியதில்லை. ஊராரின் பழியையும் ஏற்க வேண்டியதில்லை. வரும் ரமலானில் மகள் கூடத்தில் அமர்ந்து உண்ணட்டும். “ஏன் நோன்பில்லை?” என்று கேளாமல், அவளருகே ஒரு குவளைத் தண்ணீர் வைத்துவிட்டு நாம் தொழப் போவோம்.