பேனைக் கழற்றிக் காட்டாதவரிடம் கியர்பாக்ஸ் வாங்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இந்தப் பேச்சு ஓடுகிறது: "பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் லாட்டரிதான் சார். மாட்டி ஓட்டினால்தான் தெரியும்." விற்பவர் இதைச் சொல்கிறார், மெக்கானிக் சொல்கிறார், கடைசியில் ஏமாந்தவனும் இதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். நான் இதை அடியோடு மறுக்கிறேன். இந்தப் பேச்சால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். விற்றவருக்கு மட்டும்தான்.

நம் ஊர் ஆரணி. பட்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிற ஊர். முடி கருகும் வாடை வர வேண்டும், சாம்பல் விரலில் பொடிய வேண்டும். மத்திய பட்டு வாரியம் 2004இல் சில்க் மார்க் முத்திரை கொண்டுவந்த பிறகும் நாம் கொளுத்திப் பார்ப்பதை விடவில்லை. அதே ஊர்க்காரன், பல சேலைகளின் விலையுள்ள கியர்பாக்ஸை, டீசல் போட்டுக் கழுவிய பளபளப்பைப் பார்த்தே வாங்கி வருகிறான். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கிய தாத்தா நம் குடும்பங்களில் உண்டா?

டாக்சி ஓட்டும் என் மாணவன் ஒருவன் கடன் வாங்கி மாட்டிய கியர்பாக்ஸ் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. கழற்றியபோது ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் கொட்டியது. அது தண்ணீர் கலந்த ஆயில். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது உங்களுக்கே தெரியும். மூழ்கிய வண்டி காயலான் கடைக்குப் போனாலும் அதன் பாகங்கள் சாவதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கும். மூச்சுக்குழாய் வழியே உள்ளே போகும் தண்ணீர், கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் காகித வகை லைனிங்கை இரும்பிலிருந்து பெயர்த்துவிடும். வெளியே எவ்வளவு கழுவித் துடைத்தாலும் அது திரும்ப ஒட்டாது.

ஆனால் அந்த ரோஸ் மில்க் நிறம் வாங்கும் அன்றும் உள்ளேதான் இருந்தது. ஒரு வெள்ளைத் துணியில் நாலு சொட்டு விட்டிருந்தால் போதும். பிறகு இதில் லாட்டரி எங்கே வந்தது?

என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. நான் இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்குக்கு.

கியர்பாக்ஸ் மேலுள்ள எண்ணை உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே பல் விகிதம் வேறாக இருக்கும். எந்த வண்டியில் கழற்றியது, அது ஏன் உடைக்கப்பட்டது என்று கேளுங்கள். பின்னால் இடி வாங்கிய வண்டி என்றால் நல்லது. முன்னால் இடி என்றால் இன்ஜினோடு சேரும் மணி போன்ற பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர் கனெக்டரின் பின்களில் பச்சைப் பூப்பு இருந்தால் தண்ணீர் குடித்த பெட்டி.

அடுத்து ஆயில். பழுப்பாக இருப்பது மட்டும் குற்றமில்லை, ஓடிய ஆயில் நிறம் மாறத்தான் செய்யும். கருத்து, கருகிய வாடையும் அடித்தால் கிளட்ச் வெந்திருக்கிறது. ஆயிலே இல்லை, வடித்துவிட்டோம் என்பார்கள். அதனால்தான் அடியில் உள்ள பேனைக் கழற்றச் சொல்கிறேன். அதனுள் காந்தம் இருக்கும். அதில் மை போன்ற சாம்பல் நிறக் கசடு இருப்பது இயல்பு. விரலில் குத்தும் இரும்புச் சில்லு, பித்தளைத் துணுக்கு, கருப்பு லைனிங் துண்டு இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

"பேனைக் கழற்றினால் கேஸ்கெட் வீணாகும்" என்பார்கள். புது கேஸ்கெட் சில நூறு ரூபாய், நீங்களே கொடுங்கள். "ஒரு மாதம் கேரண்டி இருக்கிறதே" என்பார்கள். கேரண்டி பெட்டிக்கு. இரண்டாம் முறை இறக்கி ஏற்றும் கூலியை, வண்டி நின்ற நாட்களின் வருமானத்தை யார் தருவார்? எல்லா வியாபாரியையும் நான் குறை சொல்லவில்லை. புதுப்பேட்டையிலோ வேறு எங்கோ, நேர்மையான வியாபாரி பேனைக் கழற்றத் தயங்க மாட்டார். தயங்குகிறவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்.

பில் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிட்டு ஆணையத்தின் வாசலில் நிற்காதீர்கள்.

மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பெட்டி ஏன் செத்தது என்று பார்க்காமல் புதியதை ஏற்றாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் அதே ரோஸ் மில்க்தான் வரும். கூலரையும் குழாய்களையும் கழுவாமல் விட்டால் செத்த பெட்டியின் இரும்புத்தூள் புதுப் பெட்டிக்குள் போகும். முன் சீலையும் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள், கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பம்பில் முழுதாக உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். பிறகு அந்தப் பழியையும் லாட்டரி மேல் போடாதீர்கள்.

அந்த மாணவன் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். உங்களில் யாராவது இந்த மாதம் கியர்பாக்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை எண்ணுவதற்கு முன் ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் துணி, பேனைக் கழற்ற ஒரு ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்