சாதி கேட்காத படிவமும் 'எந்தத் தெரு?' என்ற கேள்வியும்

2024 ஜூலையில் தோழர் ஒருவர் பதற்றத்தோடு போன் செய்தார். அவரும் அவருடைய அம்மாவும் வீட்டிலேயே கருவாட்டுத் தொக்கும் பருப்புப் பொடியும் செய்து இணைய விற்பனைத் தளம் ஒன்றில் விற்கிறார்கள். வருமான வரித்துறையிடமிருந்து அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தளத்துக்குள் போய்ப் பார்த்தால், அவர் பெயரில் 2023-24ஆம் நிதியாண்டுக்கு 6,40,000 ரூபாய் என்று இருக்கிறது. "பேங்க்குக்கு வந்ததே 4,70,000தான் தோழர். மிச்சத்துக்கும் சேர்த்து நான் வரி கட்டணுமா?"

என்னிடம் பேசுவதற்கு முன் பக்கத்து டவுனில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர் தம்பி?" இரண்டாவது கேள்வி, "அந்த ஊர்ல எந்தத் தெரு?" கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தோழர் எழுந்து வந்துவிட்டார்.

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் அவருடைய கணக்கை முடித்துவிடுவோம். இதே குழப்பத்தில் இருக்கிற பலர் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த 6,40,000 ரூபாய் அவருடைய வருமானம் கிடையாது. அது மொத்த விற்பனை. வாடிக்கையாளர் கொடுத்த பணத்திலிருந்து தளம் தன் கமிஷனையும் கூரியர் செலவையும் விளம்பரக் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வங்கிக்கு அனுப்புகிறது. ஆனால் அரசுக்குக் கணக்குக் கொடுக்கும்போது, கமிஷன் கழிப்பதற்கு முந்தைய தொகையைத்தான் தளம் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 194-ஓ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த மொத்தத் தொகையில் 1 சதவீதத்தைத் தளம் பிடித்து, நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிடும். 2024 அக்டோபர் 1 முதல் இது 0.1 சதவீதம். தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்று, பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் பிடித்தமே கூடாது. அந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும்.

இப்படிப் பிடித்த பணம் 26ஏஎஸ் என்ற படிவத்தில் தெரியும். ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையில் இன்னும் விரிவாக இருக்கும்: வங்கி வட்டி, டிடிஎஸ், ஜிஎஸ்டியில் காட்டிய விற்றுமுதல் எல்லாம் ஒரே இடத்தில். அதில் தவறு இருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம். ஏஐஎஸ் என்பது வரி கட்டச் சொல்லும் உத்தரவல்ல. நம்மைப் பற்றி அரசிடம் என்னென்ன தகவல் இருக்கிறது என்று நமக்கே காட்டுகிற கண்ணாடி, அவ்வளவுதான்.

தோழரின் கணக்கில் பிடித்தது 6,400 ரூபாய். கமிஷன், பாட்டில், கருவாடு, எண்ணெய், கூரியர் எல்லாம் போக அவருக்கு நின்ற லாபம் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். அந்த ஆண்டு புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக, அவர் அரசுக்குக் கடன்பட்டிருக்கவில்லை. அரசுதான் அவருக்கு 6,400 ரூபாய் திருப்பித் தர வேண்டும். ஐடிஆர் தாக்கல் செய்தால் அது வரும். "எனக்கு ஏது வருமானம்" என்று சும்மா இருந்தால் வராது. அது போக, ஜிஎஸ்டிக்காகத் தளம் டிசிஎஸ் என்று தனியாக ஒரு தொகை பிடித்திருந்தது. அப்போது 1 சதவீதம், 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். ஜிஎஸ்டி தளத்துக்குள் போய் அதை நாம் ஏற்றுக்கொண்டால்தான் நம் ரொக்கக் கணக்கில் சேரும். அப்படி ஒன்று இருப்பதே தோழருக்குத் தெரியாது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. மொத்த விற்பனை வேறு, வருமானம் வேறு என்ற அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படையை அரசு அதிகாரிகளே மறந்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் கர்நாடகாவில் பார்த்தோம். யுபிஐயில் வந்த தொகையை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவருக்கு வந்த நோட்டீஸ் 29 லட்ச ரூபாய்க்கு. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூருவில் கடைக்காரர்கள் க்யூஆர் அட்டைகளைக் கழற்றிவிட்டு ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அரசு இறங்கி வந்தது. தரவு அரசிடம் இருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு மட்டும் தள்ளுவண்டிக்காரரின் தலையில்.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

'படிவத்தில் சாதி கேட்கிற கட்டம் எங்கே இருக்கிறது? வரியிலும் சாதியா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். கட்டம் இல்லைதான். ஆனால் சாதி உள்ளே வர அதற்குக் கட்டம் தேவையில்லை, முகவரி போதும். தமிழ்நாட்டில் கடை வைத்துச் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இணையத் தளத்தில் விற்பவர் ஒரே ஒரு பாட்டிலைப் பெங்களூருவுக்கு அனுப்பினாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் வரை மாநிலத்துக்குள் விற்கவே அது கட்டாயமாக இருந்தது. பதிவுக்குத் தொழில் செய்யும் இடத்துக்கான சான்று கேட்கிறார்கள்: வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது, இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம். பட்டா இல்லாத புறம்போக்கு வீட்டில் அடுப்பு வைத்திருப்பவர் எதைக் கொடுப்பார்? சாதி தெரிந்தால் வீடு தராத ஊரில், சாதியைச் சொல்லாமல் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் போய் ஒப்பந்தம் எழுதித் தரச் சொல்வாரா?

முகவரி அத்தோடு நிற்பதில்லை, பில்லிலும் அச்சாகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். தோழரின் பதிவுச் சான்றிதழில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. ஊருக்குள் அவருடைய அம்மா சமைத்ததை வாங்கிச் சாப்பிட ஆளில்லை. முகம் தெரியாத யாரோ வாங்குகிறார், ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். இணையச் சந்தை தந்த இந்தச் சின்ன இடைவெளி உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2016இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரையே வைத்து மசாலாவும் ஊறுகாயும் இணையத்தில் விற்கத் தொடங்கியபோது, அந்த இடைவெளியைச் சவாலாகவே மாற்றினார். எல்லோரும் அப்படி அறிவித்துவிட்டு விற்க முடியாது. விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொரு வழியாகவும் சாதி உள்ளே வருகிறது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குப் பேரேடு என்பது தாத்தா மடியில் கேட்ட கதை. ஆடிட்டர், மாமாவாகவோ அப்பாவின் நண்பராகவோ இருப்பார். ஒரு நோட்டீஸ் வந்தால் ஒரு போன் போதும். முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு அதே நோட்டீஸ் தூக்கத்தைக் கெடுக்கும். சொத்தைப் போலவே கணக்கறிவும் இங்கே பரம்பரையாகத்தான் கைமாறுகிறது.

அண்ணல் அம்பேத்கர் இதை அனுபவித்தவர். பம்பாயில் பங்கு வணிக ஆலோசனைத் தொழில் தொடங்கினார்; சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள். அதே மனிதர்தான் ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இலும், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் நிதியைப் பற்றி 1925இலும் நூல் வெளியிட்டார். பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். வரியும் கணக்கும் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நினைக்கிறோம்?

6,400 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். அந்த ரூபாயோடு சேர்ந்து வருகிற காகிதம்தான் முக்கியம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. ஆனால் நடுவில் வங்கி இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு ஐடிஆர் இருக்கிறதா என்று வங்கி மேலாளர் கேட்கும்போது வெறுங்கையோடு நின்றால், சட்டம் கொடுத்த வாய்ப்பு மேசையிலேயே செத்துப்போகும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நோட்டீஸ் தமிழில் வர வேண்டும். கடைக்காரருக்கு ஒரு வரம்பு, இணையத்தில் விற்கும் ஏழைக்கு இன்னொரு வரம்பு என்பது போக வேண்டும். பட்டா இல்லாதவரின் குடியிருப்பையும் தொழிலிடமாக ஏற்க வேண்டும். வீட்டு முகவரியைப் பில்லில் அச்சிடாமல் விற்க வழி வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாம் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. நம் ஊர்களில் படிப்பகங்களும் இரவுப் பள்ளிகளும் நடத்திய இயக்கம் இது. பி.காம் படித்த தோழர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறீர்கள். ஜூன், ஜூலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம், ஒரு லேப்டாப், ஒரு பெஞ்சு. பக்கத்துத் தெருவில் மசாலா, பை, செருப்பு, சேலை விற்கிற அக்காவையும் அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஏஐஎஸ்ஸைத் திறந்து காட்டுங்கள்.

தோழருக்கு அந்த 6,400 ரூபாய் செப்டம்பரில் வந்தது. அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். இப்போது அவர் ஊரில் மூன்று பேருக்கு அவரே தாக்கல் செய்து கொடுக்கிறார். வருகிறவர்களிடம் பான் எண், வங்கிக் கணக்கு, விற்பனைக் கணக்கு மூன்றும் கேட்கிறார். எந்தத் தெரு என்று கேட்பதில்லை.