கட்டுரை எழுதுவது யார்? மாணவனா, கம்ப்யூட்டரா?

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது மரக்காணம். உப்பளங்களுக்குப் பெயர் போன ஊர்.

உப்பு லேசில் கிடைத்துவிடாது. பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். உவர் நீர் பாய்ச்ச வேண்டும். வெயில் காய்ந்த பிறகு பலகையால் வார வேண்டும். நடுவில் மழை பெய்தால் பாடு அத்தனையும் கரைந்து போகும்.

இப்படி உழைக்கிறவர்கள், "நம் பிள்ளையாவது படிக்கட்டும்" என்றுதான் காலேஜுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் படிப்பில் இப்போது ஒரு புதுச் சிக்கல்!

கேட்டால் எழுதித் தரும்

2022 நவம்பரில் அமெரிக்காவின் "ஓப்பன் ஏஐ" கம்பெனி "சாட்ஜிபிடி"யை வெளியிட்டது. இது செயற்கை நுண்ணறிவுக் கருவி. செல்போனில் கேள்வியைக் கொடுத்தால் சில விநாடிகளில் கட்டுரை தயார்! ஆனால் அது சொல்வதெல்லாம் உண்மை அல்ல. இல்லாத புத்தகத்தையும் இருப்பதாகச் சொல்லிவிடும்.

கோர்ட்டுக்குப் போன வழக்கு

அரியானா மாநிலம் சோனிபட்டில் ஜிண்டால் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஒரு சட்ட மாணவரின் விடையில் 88 சதவீதம் கருவி எழுதியது என்று சொல்லி, அவரை பெயிலாக்கினார்கள். "நானே எழுதினேன்" என்று அவர் 2024-ல் ஐகோர்ட்டுக்குப் போனார். பிறகு பல்கலைக்கழகம் அவர் பாஸ் என்று அறிவித்தது. வழக்கும் முடிந்தது.

எழுதியது யார் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம். ஓப்பன் ஏஐ கம்பெனியே அதற்கென்று 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. அது சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜூலையில் வாபஸ் ஆனது.

தடை போட்டால் தீருமா?

நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடிக்குத் தடை போட்டன. மே மாதத்தில் தடையை நீக்கிவிட்டன.

கருவியால் நன்மையும் உண்டு. வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாத பிள்ளை, புரியாததை அதனிடம் கேட்கலாம். சந்தேகம் கேட்பது படிப்பு. எழுதச் சொல்லிவிட்டுத் தூங்குவது படிப்பல்ல. பட்டம் கையில் இருந்தும் பாடம் தலையில் இல்லாவிட்டால், வேலைக்குப் போன இடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

ஆசிரியர்கள் மாணவனை எதிரில் நிறுத்தி, "நீ எழுதியதை விளக்கு" என்று கேட்கலாம். வகுப்பிலேயே எழுத வைக்கலாம்.

பெற்றோரும் கேட்கலாம். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. "இன்று என்ன எழுதினாய்? எனக்குப் புரியும்படி சொல்லு" என்றால் போதும். பிள்ளை சொன்னால் படித்திருக்கிறான். திருதிரு என்று விழித்தால், எழுதியது அவன் அல்ல!