ஆறாவது வாரத்தில் ஒட்டும் உதடு

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள சிறு பள்ளத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அதன் இரு ஓரங்களிலும் மெல்லிய மேடு தட்டுப்படும். நம் முகம் ஒட்டுப்போட்ட இடம் ஏறத்தாழ அதுதான்.

ஆம், முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. கருவுக்கு நான்கு வாரம் ஆகும்போது அது ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது. அப்போது வாய் வரவேண்டிய குழியைச் சுற்றி ஐந்து சிறு புடைப்புகள் தோன்றுகின்றன. நெற்றிப் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவை வளர்ந்து நெருங்கி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கும். காதுகள் கழுத்தருகே தொடங்கி மேலே ஏறும். நாக்கின் அடியில் தோன்றும் தைராய்டு சுரப்பியோ கழுத்துக்கு இறங்கி வரும்.

ஆறு, ஏழாவது வாரத்தில் மேலுதடு ஒட்டிவிடுகிறது. அண்ணம் சற்றுத் தாமதம். நாக்கின் இருபுறமும் தொங்கும் இரண்டு தட்டுகள் மேலெழுந்து நடுவில் சந்திக்கின்றன. பன்னிரண்டாவது வாரத்துக்குள் அந்த வேலையும் முடிந்துவிடும். ஒட்டாமல் போனால் அதுவே உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு. உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது.

இத்தனை விவரம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படியொரு குழந்தை பிறந்த வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “கிரகணத்தன்னைக்கு கத்தியத் தொட்டியா?” பச்சை உடம்புக்காரி ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பாள். அவள் தலையில் பழியும் விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் கிரகணம் வந்தால், பிள்ளையின் உதடு ஒட்டி முடிந்து பல வாரம் ஆகியிருக்கும். மேலும், கிரகணம் ஊருக்கே பொது. அன்று எத்தனையோ கர்ப்பிணிகள் காய் நறுக்கியிருப்பார்களே!

உண்மையில் மரபணுவும் சூழலும் கலந்துதான் இது வருகிறது. பெரும்பாலான குடும்பங்களில் ‘இதுதான் காரணம்’ என்று ஒன்றைக் காட்ட முடியாது. கவனிக்க வேண்டியவை சில உண்டு. சிகரெட் புகை ஆபத்தைக் கூட்டும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் அப்படியே. அவற்றை நீங்களாக நிறுத்தாமல், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசுங்கள். மூளை, முதுகுத்தண்டுக் குறைகளைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்குவது நல்லது. ‘நாள் தள்ளிப்போச்சு’ என்று தெரிந்து கிளினிக்குக்குப் போவதற்குள் முகம் உருவாகத் தொடங்கியிருக்கும்.

பிளவோடு பிறந்த குழந்தைக்கு முதல் கவலை பால் குடிப்பது. அதற்கென்றே தனிப் பால்புட்டிகள் கிடைக்கின்றன, தாதியரிடம் கேளுங்கள். உதட்டுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். பிறகு காது, பல், பேச்சு என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டிவரும்.

அத்தனை முறையும் தாய் தனியாகவே மருத்துவமனைக்கு அலைவதை நான் பார்த்திருக்கிறேன். மாமியார்களே, கணவன்மார்களே, அடுத்த தேதி என்றைக்கு என்று இன்றே அவளிடம் கேளுங்கள். அன்று நீங்களும் கூடப் போங்கள்.