ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றால், நாம் பார்த்துக்கொண்டே இருப்பதா?

ஒரகடம் பக்கத்தில் ஒரு காலனி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தகரக்கூரை போட்ட ஜெப வீடு. பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த 19 வயதுப் பையனை முன்னால் முழங்கால் போடவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார் பாஸ்டர். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவனுக்கு அழுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. புகார் மனுவில் கையெழுத்து வாங்கப் போயிருந்த எங்களைப் பார்த்து அவர் அதற்குப் பிறகு சொன்னதுதான் பிரச்சினை. "கேஸு கீஸுன்னு போவாதீங்க. பழிவாங்குறது நம்ம வேல இல்ல, கர்த்தரோட வேல. அவரு பாத்துக்குவாரு."

பையனின் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவன் வேலை பார்த்தது உதிரிபாகம் செய்யும் ஒரு வென்டார் கம்பெனி. 'எங்கள் ரோலில் இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள்' என்றது கம்பெனி. கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. மேஸ்திரி 5,000 ரூபாயோடு வந்து, வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இத்தனை பேரும் சேர்ந்து செய்ய முடியாததை, அதாவது அந்த அம்மாவை வாயடைக்க வைப்பதை, பாஸ்டர் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டார்.

இதைச் சொன்னதும், "மதம்னாலே அப்படித்தான் தோழர்" என்று கையை உதறிக்கொண்டு போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேனேஜருக்கும் தாசில்தாருக்கும் ஊர்க்காரருக்கும் மேலே ஒரு நீதிபதி இருக்கிறார், இவர்கள் எழுதுவது கடைசித் தீர்ப்பு இல்லை என்று காலனியில் ஒரு பெண் நம்புவது சின்ன விஷயமில்லை. எங்களில் சிலர் அந்த நம்பிக்கையில்தான் வளர்ந்தோம், அதைத் தின்றுதான் படித்தோம். நம்பிக்கையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைக்கிறவர்களோடுதான் சண்டை.

பாஸ்டர் காட்டுகிற வசனம் ரோமர் 12-இல் இருக்கிறது, பவுல் எழுதியது. அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார்? அப்போஸ்தலர் 16-ஐத் திறந்து பாருங்கள். விசாரணையே இல்லாமல் அடித்து ஜெயிலில் போட்டார்கள். மறுநாள் காலையில் 'சத்தமில்லாமல் போய்விடு' என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். போக மாட்டேன் என்றார். எல்லார் முன்னாலும் அடித்தவர்கள், அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். பின்னால் இன்னொரு வழக்கில் ராயனிடமே அப்பீல் செய்தார். பழிவாங்குவது வேறு, வழக்காடுவது வேறு என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது. கன்னத்தில் அறைந்த சேவகனிடம், நான் பேசியதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று இயேசுவே கேட்டார் (யோவான் 18). உபவாச ஜெபம்தோறும் பிரசங்கிக்கப்படும் லூக்கா 18 விதவை விடாமல் நடந்தது எங்கே? கோர்ட்டுக்கு. அதுவும் யாரையும் மதிக்காத நீதிபதியிடம்.

ராஜா கேட்டும் பிதுரார்ஜித நிலத்தைக் கொடுக்காத நாபோத்தின் கதையை பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து நிற்கும் ஏகனாபுரத்தில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதையிலும் வானத்திலிருந்து நெருப்பு விழவில்லை. நீதி, எலியா என்ற ஒரு மனிதனாக, அபகரிக்கப்பட்ட தோட்டத்துக்கே நடந்து வந்து ராஜாவின் முகத்துக்கு நேராகப் பேசியது.

இது வெளியூர்ச் சரக்கும் இல்லை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில் தினமும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறோம். அந்தப் பக்கத்தில்தான் மெல்ரோசாபுரம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆதம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனரி தலித் மக்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. அவரும் வில்லியம் கௌடியும் இந்த மாவட்டத்துப் படியாட்களின் நிலையை அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள்: நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதார் தடுக்கிறார், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று. வெள்ளைக்காரன் வந்து மீட்டான் என்று யாரும் படிக்க வேண்டாம். ஜெபம் மட்டும் போதும் என்று நம் முன்னோர் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்கு எழுத விஷயமே இருந்திருக்காது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

அந்த நிலமும் கைமாறிப் போனது. மீட்கப் போராடிய காரணையின் கதை தெரியாமல் இந்த மாவட்டத்தில் யாரும் களப்பணி செய்ய முடியாது. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இறந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள். குண்டு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

சான்றிதழ் கேட்டது அரசாங்கம். 1950 ஆகஸ்ட் 10 ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து நீக்கியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. திருச்சபைகள் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. சரி, மிகவும் சரி. அப்படியானால் 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று அந்த வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி ஒரு பிஷப்பும் கேட்கவில்லையே, ஏன்? சபையின் உரிமைக்கு வக்கீல், பிரஸ் ஷாப் பையனின் விரலுக்கு மட்டும் பரலோகமா?

பாஸ்டரின் பயமும் எங்களுக்குப் புரிகிறது. காணிக்கை போடுகிற பாதிப் பேர் அதே கான்ட்ராக்டர்களிடம் வேலை செய்கிறார்கள். கூட்டம் நடத்தக்கூடாது என்று யாராவது வந்து கதவைத் தட்டும்போது அவருக்குத் துணைக்கு ஆளில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லட்டும், கூட நிற்போம். தன் பயத்துக்குக் கர்த்தர் பெயரை வைக்க வேண்டாம்.

மாணவத் தோழர்கள் ஜெப வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் ஐந்து நிமிஷம் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவருக்கும் ஈஎஸ்ஐ பணம் கட்டும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் ஊன உதவித்தொகை உண்டு. நிரந்தர ஊனம் என்றால் மருத்துவ வாரியம் தீர்மானிக்கும் சதவீதப்படி ஆயுள் முழுக்க மாதப்பணம். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. கூலியை அன்றைய சூரியன் மறைவதற்குள் கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24-ஐயும் அதே மூச்சில் வாசியுங்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டுக்காக பாக்ஸ்கான் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததையும், 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்ததையும் சொல்லுங்கள். அவர்களிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாவே எங்களைத் தேடி வந்தார். "ஆண்டவரு பாத்துக்குவாரு சார், அதுல மாத்தமில்ல. ஆனா அவரு கைல குடுக்க ஒரு பேப்பராவது வேணாமா?" என்றார். மனு போயிருக்கிறது. வலது கையில் கட்டு இருந்ததால் பையன் இடது கைப் பெருவிரலை வைத்தான். மருத்துவ வாரியத்துக்குப் போகும் அன்று கூட வரச்சொல்லி பாஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.