கட்டம் விழுந்தால் எழுத்தின் குற்றமா?

பேத்தி கொரிய மொழி படிக்கிறாள். அவள் தட்டச்சு செய்த பக்கத்தை அச்சுக்கடை கம்ப்யூட்டரில் அழகான ஒரு ஃபாண்டில் போட்டால், நடுநடுவே வெற்றுக் கட்டம். "அந்த எழுத்தே அப்படித்தான் சார், ரொம்பச் சிக்கல்" என்றார் கடைத் தம்பி.

கணக்கு வாத்தியாராக இருந்தவன், சும்மா வர முடியவில்லை. ஓர் அசையில் முதல் மெய் 19, உயிர் 21, கடைசி மெய் 27. அது இல்லாமலும் வரும், ஆக 28. பெருக்குங்கள். 11,172. இதைவிட ஒழுங்கான எழுத்து உண்டா?

சிக்கல் மனிதர்கள் செய்தது. 1987இல் தென்கொரியக் கணினித் தரத்தில் 2,350 அசைகளுக்கே இடம் கொடுத்தார்கள். 'த்தோம்' என்ற அசைக்கு இடமில்லை. பெயரிலேயே அந்த அசை உள்ள டி.வி. தொடர் அங்கே ஓடியிருக்கிறது! 1996இல் யூனிகோடு அத்தனையையும் சேர்த்தாயிற்று. இன்னும் 2,350 மட்டும் வரைந்துவிட்டு 'கொரிய ஃபாண்ட்' என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மென்பொருளாவது விடுபட்ட எழுத்தை வேறு ஃபாண்டிலிருந்து எடுக்கலாம். சில அதுவும் செய்வதில்லை.

"அதிகம் வராத எழுத்துதானே" என்பார்கள். நாம் 'ஙௌ' எழுதி எத்தனை நாளாயிற்று? அதற்காக ஃபாண்டிலிருந்து தூக்கினால் விடுவோமா? ஒலிக்குறிப்புச் சொல்லிலும் வெளிநாட்டுப் பெயரிலும்தான் அந்த அசைகள் வரும். பேத்தி எழுதியிருந்ததும் அவைதான்.

'நோட்டோ சான்ஸ்' கொரிய ஃபாண்டைப் போடச் சொன்னேன். கட்டமெல்லாம் எழுத்தாயின. தம்பி பேசாமல் பில் போட்டார்.