முன் பிரேக்கைப் பழகுவோம்

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்!" வண்டி ஓட்டக் கற்றுத்தரும் அண்ணனோ சித்தப்பாவோ முதல் நாளே சொல்லும் பாடம் இது. புதுச்சேரியில் முதலியார்பேட்டை முதல் லாஸ்பேட்டை வரை எந்தத் தெருவில் கேட்டாலும் இதே எச்சரிக்கைதான். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் தவறானது. இந்த ஒரு பாடத்தை நம் ஊர் மாற்றி எழுதினால் பல வீடுகள் துக்கத்திலிருந்து தப்பும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் வந்து சேருகிறது. முன் டயர் தரையில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை மட்டும் அழுத்திப் பிடித்தால் அது சுழலாமல் நின்று சறுக்கும், வண்டி சீக்கிரம் நிற்காது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறார். ஆபத்தைக் கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். அதன் பிறகு, காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் முறையாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சுமார் 40 மீட்டர் ஆகும். குறுக்கே வந்த சைக்கிள்காரர் வீடு திரும்புவதா இல்லையா என்பது அந்த இடைப்பட்ட 20 மீட்டரில் இருக்கிறது.

ஆளைத் தூக்கி அடிப்பது முன் பிரேக் அல்ல, பதற்றத்தில் அதை வெடுக்கென்று பிடிக்கும் கை. முதலில் மெல்லத் தொட வேண்டும், பாரம் முன்னால் வந்து நிலைகொண்டதும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், பார்வை டயருக்கு முன்னால் விழாமல் தூரத்தில் இருக்க வேண்டும். சொல்லும்போது எளிது. ஆனால் உயிர் பயம் வந்த நொடியில் கை இதை யோசித்துச் செய்யாது, பழகியிருந்தால்தான் செய்யும்.

1981-இல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் அவருடைய குழு ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். கடைசி நொடியில் அவர்களில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. ஹேண்டிலைக் கொண்டு சட்டென விலகித் தப்பிக்கும் திறமை ஏறக்குறைய யாரிடமும் இல்லை. நம் ஊர்க் கதையும் இதுதான்.

நம்மூரில் லைசென்ஸ் என்றாலே எட்டு போடுவதுதான். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் பாஸ். மெதுவாகப் போகும்போது வண்டியைச் சமாளிக்க அது உதவும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு போடும் வேகத்தில் யாருக்கும் உயிர் போவதில்லை. அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்று பார்க்கும்படி 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. பிரிட்டனில் 2009 முதல் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கேட்பவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென நிறுத்திக் காட்ட வேண்டும், அதே வேகத்தில் குறுக்கே இருக்கும் தடையிலிருந்து விலகியும் காட்ட வேண்டும். அதற்கென்றே அளந்து கோடு போட்ட மைதானம் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு மைதானமும் கொஞ்சம் சுண்ணாம்பும் கிடைக்காதா?

சாலைப் பாதுகாப்பு என்றால் புதுச்சேரியில் பேச்சு ஹெல்மெட்டோடு தொடங்கி ஹெல்மெட்டோடு முடிந்துவிடும். 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நடுரோட்டில் நின்று ஹெல்மெட் போடச் சொன்னதும், அப்போதைய முதல்வர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தபோது இந்த விவகாரமும் அதில் சேர்ந்துகொண்டதும் நினைவிருக்கும். ஹெல்மெட் கட்டாயம் போட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். அந்த ஆண்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஆனால் ஹெல்மெட்டின் வேலை விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. விழாமல் காக்க வேண்டியவை கண்ணும் கையும். அவற்றுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

நம் ஊரின் அமைப்பே அந்தப் பயிற்சியைக் கேட்கிறது. புல்வார் சாலைகளுக்குள் இருக்கும் பழைய நகரத்தில் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. மூலைவரை உயர்ந்த மதில் நிற்பதால், குறுக்குத் தெருவில் வருகிற வண்டி கிட்டத்தில் வந்தபின்தான் தெரியும். அங்கே 30 கிலோமீட்டர் வேகம் என்பதே நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். தேர்ந்தவர்கள் மூலை வருமுன்பே ஆக்சிலேட்டரைக் குறைத்து, விரலை பிரேக் மேல் வைத்து, மதிலை ஒட்டாமல் சற்று விலகி வருவார்கள். அப்போது அவர்கள் பார்க்கவும் முடியும், மற்றவர் கண்ணில் படவும் முடியும். வார இறுதியில் வாடகை ஸ்கூட்டரில் தெரு தேடும் வெளியூர்க்காரர்கள் எந்த நொடியும் திரும்பலாம் என்பதையும் தேர்ந்தவர்கள் எதிர்பார்த்தே ஓட்டுவார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு விதம். கோட்டக்குப்பம் தாண்டி, காலாப்பட்டு தாண்டிப் போனால், பஸ்ஸை முந்திக்கொண்டு எதிரே நம் பாதையிலேயே கார் வரும், ஓரத்தில் மணல் படிந்திருக்கும், நாய் குறுக்கே ஓடும். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை சாலையை அகலப்படுத்துகிறார்கள், இனி வேகம் கூடத்தான் செய்யும். மணலில் முன் பிரேக்கை இறுக்கக் கூடாது, மணலைத் தூரத்திலேயே பார்த்து முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னொரு பாடமும் உண்டு: கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேயே போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்குவோம், பக்கத்தில் இருக்கும் நல்ல வழியைப் பார்க்க வேண்டும்.

உயர்நிலைப் பயிற்சி என்றால் பந்தயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி வந்து பாடம் நடத்தியிருக்கிறது. கீத் கோட் 1980-இல் தொடங்கிய பள்ளி அது. அதன் முதல் நிலைப் பயிற்சியில் ஒரே கியரில், பிரேக்கையே தொடாமல் ஓட்டச் சொல்வார்கள். வளைவுக்கு எந்த வேகம் சரி என்பதைக் கண்ணால் முன்கூட்டியே அளக்கப் பழக்குவதுதான் நோக்கம். பந்தயத் தடத்திலேயே முதல் பாடம் நிதானம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நார்வேயில் இளம் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டப் பயிற்சி கொடுத்தபோது, இளைஞர்களிடையே அத்தகைய விபத்துகள் குறைவதற்குப் பதில் கூடின. திறமை வந்ததும் துணிச்சல் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஆகவே எதைச் செய்ய முடியும் என்பதோடு எதைச் செய்யக் கூடாது என்பதையும் கற்றுத்தருவதுதான் நல்ல பயிற்சி.

கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகத் தொடங்கிய அக்கா மகளை ஆளில்லாத திடல் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஹெல்மெட், மூடிய செருப்பு, முழங்கை உறை. தரையில் ஒரு கோடு போட்டு, 30-இல் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னேன். முதலில் பின் பிரேக்குக்கான இடது லீவர் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து. நின்ற இடங்களைத் திரும்பிப் பார்த்தவள், "சித்தி, இவ்ளோ தூரம் வித்தியாசமா? ஏன் இத யாரும் சொல்லல?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் போக்குவரத்துத் துறை பதில் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு காலை ஒரு மைதானத்தைத் திறந்து, கோடு போட்டு, விஷயம் தெரிந்த பயிற்சியாளரை நிறுத்துங்கள். லைசென்ஸ் தேர்வில் எட்டோடு அவசர பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளே, ஹெல்மெட் ஊர்வலம் நடத்தும் நாளில் பிரேக் பயிற்சியும் நடத்துங்கள். அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்கு வண்டி வாங்கித் தந்த கையோடு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். வண்டிகள் வராத திடலில், ஹெல்மெட்டோடு, 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குங்கள். முன் பிரேக்கை மெல்லத் தொட்டு, இறுக்கி, நேராக நிற்கக் கற்றுக்கொடுங்கள். பயமுறுத்தி வளர்த்தது போதும், இனி பழக்கி வளர்ப்போம்.